சாயம் பிடிக்கும் கிருமி

திருப்பூரில் பழைய டையிங் மாஸ்டர்களிடம் காங்கோ ரெட் என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு காலத்தில் உலகத்தையே கலக்கிய சாயம் அது. பருத்தியில் சிவப்பு ஏற்ற வேண்டுமானால் துணியை முதலில் படிகாரம் போன்றவற்றில் பதப்படுத்தியாக வேண்டும் என்றிருந்த காலத்தில், தொட்டியில் நேரே முக்கினால் போதும் என்று 1885இல் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்தது. விலையும் மலிவு. ஆனால் புளிப்பு பட்டால் நீலமாகிவிடும், துவைத்தால் நிற்காது. போதாக்குறைக்கு அது பென்சிடினிலிருந்து செய்யப்படுவது. பென்சிடின் புற்றுநோய் உண்டாக்குவது. 1990களில் ஜெர்மனி, இந்தியா இரண்டு நாடுகளும் இந்த வகைச் சாயங்களுக்குத் தடை போட்டன. இன்றைக்கு ஒரு பனியன் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற வேண்டுமானால், அதில் இந்தச் சரக்கு இல்லை என்று 'அசோ ஃப்ரீ' சான்று வைக்க வேண்டும்.

சாயப்பட்டறையிலிருந்து விரட்டப்பட்ட அந்தச் சாயம் என் அலமாரியில் ஒரு சின்னக் குப்பியில் இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவேன். நான் இந்த ஊரில் ரத்தம், சிறுநீர், மலம் ஆகியவற்றில் கிருமி வளர்த்துப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவள். நுண்ணுயிரியல் என்று படிப்புக்குப் பெயர். அக்கம்பக்கத்தில் கேட்டால் 'மோஷன் டெஸ்ட் பண்ற அக்கா' என்றுதான் வழி சொல்வார்கள்.

எங்கள் தொழிலும் இந்த ஊர்த் தொழிலும் பங்காளிகள் என்பது வெளியே அவ்வளவாகத் தெரியாது. கிருமியியல் பிறந்ததே சாயத் தொட்டியில்தான். ராபர்ட் கோக் 1884 தொடக்கத்தில் கல்கத்தாவில் உட்கார்ந்து காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அதே வருடம் பெர்லினில் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் ஊதாச் சாயத்தை வைத்துக் கிருமிகளை இரண்டாகப் பிரிக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் என் மேஜையில் இருப்பதெல்லாம் அவர்கள் காலத்துச் சரக்கும் அதன் உறவுகளும்தான். மக்கான்கி தட்டில் நியூட்ரல் ரெட்டும் கிரிஸ்டல் வயலட்டும், காலராவுக்கான டிசிபிஎஸ் தட்டில் தைமால் ப்ளூ, சால்மொனெல்லா வளர்க்கும் திரவத்தில் மாலகைட் கிரீன். அந்தப் பச்சையை நம் ஊரில் ஒரு காலத்தில் பாயிலிருந்து பட்டு வரை எல்லாவற்றுக்கும் போட்டார்கள்.

இந்தச் சாயங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: வந்திருக்கும் கிருமியின் பெயர் என்ன? காங்கோ ரெட் மட்டும் வேறு கேள்விக்குப் பதில் சொல்லும். இந்தக் கிருமி உன்னைக் கிடத்துமா, கிடத்தாதா? அதனால்தான் அந்தக் குப்பியை நான் தூக்கிப் போடவில்லை.

ரத்தபேதிக்குக் காரணமான ஷிகெல்லாவை 1897இல் ஜப்பானியர் கியோஷி ஷிகா கண்டுபிடித்தார். அதைக் காங்கோ ரெட் கலந்த அகார் தட்டில் தடவி 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால், காலையில் குங்குமப் பொட்டுப்போல் காலனிகள் வந்திருக்கும். அவற்றுக்கு நடுவே சில வெள்ளைப் பொட்டுகளும் இருக்கும். சிவப்பு, நோய் உண்டாக்கும். வெள்ளை, அதே ஷிகெல்லாதான், கிருமியை அடையாளம் காட்டும் அதே சீரத்தில் கட்டியாகும், அதே சர்க்கரைகளைத்தான் உண்ணும், ஆனால் நோய் உண்டாக்காது. 1977இல் பெய்ன், ஃபின்கல்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எழுதியபோது காரணம் தெளிவாகத் தெரியாது. 1980களின் தொடக்கத்தில் ஃபிலிப் சான்சொனெட்டியும் அவருடைய கூட்டாளிகளும் காரணத்தைப் பிடித்தார்கள்.

ஷிகெல்லாவின் முதன்மை மரபணுத் தொகுதி சுமார் 46 லட்சம் எழுத்து நீளம். அதோடு ஒட்டாமல் தனியாக வளையமாக ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது; அதைப் பிளாஸ்மிட் என்போம். நீளம் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் எழுத்து. குடல் செல்லுக்குள் புகுந்து ரத்தம் வரவைக்கும் கருவி முழுக்க அந்தச் சின்ன வளையத்தில்தான் எழுதியிருக்கிறது. கருவி என்றால் நிஜமாகவே கருவி: கிருமியின் உடம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய ஊசி. செல்லைத் தொட்டதும் அதன் வழியாகச் சில புரதங்களை உள்ளே செலுத்தும்; செல் தானாகவே வாயைத் திறந்து கிருமியை விழுங்கிவிடும். உள்ளே போன ஷிகெல்லா அந்தச் செல்லின் சொந்தச் சரக்கையே வாலாகத் திரட்டிக்கொண்டு அடுத்த செல்லுக்குள் பாயும். அந்த வளையத்தைத் தொலைத்த கிருமிதான் தட்டில் வெள்ளையாகத் தெரிவது. ஊசியைச் செய்து பராமரிப்பது செலவு பிடித்த வேலை. தட்டில் சும்மா சோறு கிடைக்கும்போது அந்தச் செலவில்லாதவை வேகமாகப் பெருகிவிடும். ஆகவே ஒரே கிருமியைத் திரும்பத் திரும்பச் சப்கல்ச்சர் செய்துகொண்டே போனால் வெள்ளை கூடிக்கொண்டே போகும்.

இதில் எனக்கு இன்னும் தீராத வியப்பு, காங்கோ ரெட் அந்த ஊசியை வெறுமே காட்டிக்கொடுப்பதோடு நிற்கவில்லை என்பது. சாயம் பட்டதும் ஊசி வேலை செய்யத் தொடங்கிப் புரதத்தைக் கக்கும் என்று 1990களில் கண்டுபிடித்தார்கள். குடல் செல் பட்டால் நடப்பது துணிச் சாயம் பட்டும் நடக்கிறது.

ஒரு டையிங் மாஸ்டர் தன் மகளுக்கு ரத்தபேதி என்று காலையிலேயே மாதிரி கொண்டுவந்தார். சுத்தமான டப்பாவில், மருந்து எதுவும் கொடுக்காமல், எடுத்த கையோடு. இப்படிப்பட்டவர்கள் அபூர்வம். ஷிகெல்லா ஃப்ளெக்ஸ்னெரி வந்தது. பெண் தேறிய பிறகு ரிப்போர்ட் வாங்க வந்தவர், மேஜையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதென்ன மேடம், காங்கோ ரெட்டுங்களா? எங்கப்பா காலத்துச் சரக்காச்சேங்க."

மூடியைத் திறக்காமல் தட்டைக் காட்டினேன். "இந்தச் செவப்புப் புள்ளிதாங்க மாஸ்டர் பாப்பாவுக்கு ரத்தம் போக வெச்சது. இந்த வெள்ளையும் அதேதான். ஆனா இது ஒண்ணும் பண்ணாதுங்க."

"ஒரே லாட்ல ரெண்டு ஷேடா?"

"ஒரே லாட்டுதாங்க."

"பையர் பாத்தா மொத்தமும் ரிஜெக்ட்டுங்க" என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஷேடு வேறுபாட்டை ஒரு மாஸ்டர் பார்க்கும் கண்ணோடு நாங்கள் கிருமியைப் பார்ப்பதில்லை என்பது என் குறை. பெயர் வந்தால் எங்கள் வேலை முடிந்தது. நோயோ பெயரில் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே சிவப்புக் காலனியை 30 டிகிரியில் வளர்த்தால் வெள்ளையாகத்தான் வரும். வளையம் உள்ளேயே இருக்கும், வாய் மூடியிருக்கும். ஏறத்தாழ 32 டிகிரிக்குக் கீழே ஒரு புரதம் அந்த மரபணுக்கள் மேல் உட்கார்ந்து அழுத்திவைத்திருக்கிறது. சூடு ஏறினால் பிடி தளரும், ஊசி தயாராகும். வெளியே தண்ணீரில் கிடக்கிறோமா, மனித வயிற்றுக்குள் வந்துவிட்டோமா என்பதை இந்தக் கிருமி வெப்பத்தை வைத்தே தெரிந்துகொள்கிறது. எங்கள் இன்குபேட்டர் 37இல் நிற்பதற்கு இது ஒரு காரணம். ஒரு எச்சரிக்கை: சாதாரண ஈ.கோலையும் குளிர்ச்சியில் காங்கோ ரெட்டைப் பிடிக்கும், வேறு ஒரு நாரின் வேலை அது. வெப்பநிலையைப் பார்க்காமல் நிறத்தை நம்பினால் ஏமாறத்தான் வேண்டும்.

புதிய மரபணுவைச் சேர்த்துக்கொள்வதால் மட்டும் கிருமி கொடியதாகிவிடுவதில்லை, இருப்பதைத் தொலைப்பதாலும் ஆகும். எங்கள் சோதனைக்குழாய் வரிசையில் லைசின் என்று ஒரு குழாய் உண்டு. ஈ.கோலை பெரும்பாலும் அதை ஊதாவாகவே வைத்திருக்கும், ஷிகெல்லா மஞ்சளாக்கிவிடும். பரீட்சைக்கு 'ஷிகெல்லா, லைசின் நெகட்டிவ்' என்று உருப்போட்டதுதான். ஏன் நெகட்டிவ் என்று யாரும் கேட்கவில்லை. ஷிகெல்லா என்பதே மரபணுக் கணக்கில் ஒரு வகை ஈ.கோலைதான், ஏதோ ஒரு காலத்தில் அதற்கும் லைசினை உடைக்கும் மரபணு இருந்தது. உடைத்தால் கடாவெரின் என்ற நாற்றமடிக்கும் பொருள் வரும். 1998இல் அந்தோணி மோரெல்லியின் குழு தொலைந்த மரபணுவைத் திரும்ப உள்ளே வைத்துப் பார்த்தது. கடாவெரின் வந்தது, ஷிகெல்லாவின் நச்சு முடங்கியது. தன் ஆயுதத்துக்குத் தானே தடையாக இருந்த மரபணுவை அது வழியில் விட்டுவிட்டு வந்திருக்கிறது. தினமும் மஞ்சளாகிற அந்தக் குழாயை அதற்குப் பிறகு நான் பழைய மாதிரி பார்த்ததில்லை.

டைபாய்டும் இந்த ரகம். 2001இல் அதன் மரபணுத் தொகுதியை முழுவதும் வாசித்தபோது இருநூறு மரபணுக்கள் வரை உடைந்து கிடந்தன. பல விலங்குகளின் குடலில் வாழும் சொந்தக்காரர்கள் இருக்க, இது மனிதனைத் தவிர வேறு போக்கிடம் இல்லாததாகிவிட்டது. ஆனால் ஒன்றைச் சேர்த்தும் வைத்திருக்கிறது: விஐ என்ற சர்க்கரைப் போர்வை. 1934இல் ஃபீலிக்ஸும் பிட்டும் அதைக் கண்டு பெயர் வைத்தபோது நோயின் வீரியத்தோடு அது சேர்ந்தது என்பதையே பெயராக்கினார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்து புதிதாக வளர்த்த டைபாய்டுக் கிருமியை ஓ சீரத்தில் கலக்கினால் சில சமயம் கட்டியாகாது. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் 'அக்கா, இது டைபாய்டு இல்லை போல' என்று ஓடிவருவார்கள். கொதிநீரில் வைத்து எடுத்து மறுபடி கலக்கச் சொல்வேன். போர்வை கழன்றதும் பளிச்சென்று கட்டியாகும். சீரத்தின் கண்ணுக்கு மறைத்ததுபோலவே நம் உடம்பின் காவலுக்கும் அந்தப் போர்வை கிருமியை மறைக்கிறது. இன்று குழந்தைகளுக்குப் போடும் டைபாய்டு தடுப்பூசி இந்த விஐயை வைத்துச் செய்ததுதான். பாராடைபாய்டு ஏ கிருமிக்கு அந்தப் போர்வை கிடையாது. ஊசி அதைத் தடுக்காது.

ஊரில் நடப்பதோ வேறு. காய்ச்சல் என்று வந்தால் 'வைடால் போடுங்க'. டைபாய்டுக்கான 1896 காலத்து ரத்தச் சோதனை. டைபாய்டு சுற்றிக்கொண்டே இருக்கும் ஊரில் பழைய தொற்றின் எதிர்ப்பொருளே பாதிப் பேர் ரத்தத்தில் இருக்கும். ஒரே ஒரு முறை எடுத்த வைடாலை வைத்து எதையும் சொல்ல முடியாது. கேட்கிறவர்களுக்குப் 'பாசிட்டிவ்' என்ற தாள் வேண்டும், கம்பெனியில் லீவுக்குக் காட்ட. நான் ரத்தக் கல்ச்சர் என்று தொடங்கினால், 'அதுக்கு எத்தனை நாளுங்க ஆகும்?' என்று எழுந்துவிடுவார்கள்.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே நடந்த சாட்சி இருக்கிறது. 1992இன் கடைசியில் மெட்ராஸில் காலரா மாதிரியே வாந்திபேதி கிளம்பியது. கழுநீர்போல் போனது, ஆள் ஒரே நாளில் சுருண்டார். கிருமியும் பார்வைக்குக் காலராக் கிருமிதான். ஆனால் ஓ1 சீரத்தில் கட்டியாகவில்லை. அந்தக் காலப் பாடப்புத்தகம் என்ன சொன்னது? ஓ1 இல்லாதது கொள்ளைநோய் உண்டாக்காது. இது உண்டாக்கியது. அதிலும் வழக்கமாகக் குழந்தைகளை அதிகம் பிடிக்கும் நோய், பெரியவர்களை நிறையப் பிடித்தது. பழைய காலராவில் தேடிய எதிர்ப்பு அவர்களுக்கு உதவவில்லை. மதுரை, வேலூர், கல்கத்தா, வங்கதேசம் என்று வங்கக் கடலோரமாகவே பரவியதால் ஓ139 பெங்கால் என்று அதற்குப் பெயர் விழுந்தது. நான் அப்போது கோவையில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆசிரியை வகுப்புக்கு வந்து, போன வாரம் தான் நடத்திய பக்கத்தை அடித்துவிடச் சொன்னார்.

உள்ளே என்ன நடந்திருந்தது என்பது பிறகு தெரிந்தது. ஏற்கெனவே உலகம் சுற்றிக்கொண்டிருந்த எல் டோர் காலராக் கிருமியேதான் அது. சீரம் அடையாளம் பார்க்கும் மேல்சட்டையைச் செய்யும் மரபணுக் கட்டை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டிருந்தது. நச்சு மரபணு உள்ளே அப்படியே. நாம் சட்டையைப் பார்த்து ஆளை விட்டுவிட்டோம்.

அந்த நச்சு இருப்பதை முதலில் நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. 1959இல், கிருமி எதுவுமில்லாமல் வடிகட்டிய திரவத்தையே முயல் குடலில் விட்டு, நீர் கோப்பதைக் காட்டினார். அதற்கு முன்பே 1956இல் பேதி கண்டவர்களிடமிருந்து எடுத்த ஈ.கோலையும் அதே வேலையைச் செய்வதாக எழுதியிருந்தார். உயிரோடிருந்தபோது அவருக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். இதில் நான் தனியாளும் இல்லை. நச்சு மரபணு எங்கிருந்து வந்தது என்பதை 1996இல் மேத்யூ வால்டரும் ஜான் மெக்கலானோசும் சொன்னார்கள்: பேஜ் என்னும், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் கொண்டுவந்தது. அந்த வைரஸ் உள்ளே நுழையும் கதவு எது என்றால், கிருமி குடலில் ஒட்டிக்கொள்ள நீட்டும் இழை. ஒட்டத் தெரிந்த கிருமிக்குத்தான் விஷமும் கிடைக்கிறது. அதே வருடம், மெட்ராஸில் எடுத்த எம்ஓ10 என்ற ஓ139 கிருமியிலிருந்துதான், பல மருந்துகளுக்கான எதிர்ப்பை மொத்தமாகச் சுமந்துகொண்டு கிருமிவிட்டுக் கிருமி தாவும் எஸ்எக்ஸ்டி என்ற துண்டையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள்.

இப்படித் தாவுவது பழங்கதை இல்லை. 2011ஐத் திருப்பூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்து சாயப்பட்டறைகள் மூடின, வடமாநிலப் பிள்ளைகள் மூட்டையோடு ரயிலேறினார்கள். அதே வருடம் மே மாதத்தில், நம் பையர்கள் இருக்கும் ஜெர்மனியில் ஒரு பேதி கிளம்பியது. ஏறத்தாழ 3,800 பேருக்கு நோய், ஐம்பதுக்கும் மேல் சாவு. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காயைச் சந்தேகித்து அந்த விவசாயிகளை நட்டத்தில் தள்ளினார்கள். கடைசியில் முளைகட்டிய வெந்தயம் என்று தெரிந்தது. கிருமி ஈ.கோலைதான், குடலில் அடைஅடையாக ஒட்டிக்கொள்ளும் ஒரு வகை. ஷிகா கண்ட ரத்தபேதிக் கிருமியின் நச்சுக்கு நெருங்கிய உறவான ஒரு நச்சின் மரபணுவை ஒரு பேஜ் அதற்குள் கொண்டுவந்து வைத்திருந்தது. ஒட்டும் திறன் ஒரு பக்கம், சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சு இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே கிருமியில் சேர்ந்துவிட்டன. இந்தப் பேஜ்களில் இன்னொரு தொல்லை, சில ஆன்டிபயாடிக் பட்டால் அவை விழித்துக்கொண்டு நச்சை இன்னும் அதிகம் உண்டாக்கும்.

எங்கள் ரிப்போர்ட்டில் 'ஈ.கோலை' என்று பார்த்தால் ஜனங்களுக்குப் பயம். ஈ.கோலை இல்லாத குடல் கிடையாது. ஊருக்கெல்லாம் உதவாத வார்த்தையாக அது ஆகிவிட்டது: நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான். எது என்று சொல்ல மரபணுவைத் தேடும் பிசிஆர் வேண்டும். அந்தச் சோதனை இப்போது கிடைக்கிறது; ஆனால் அதன் விலையைச் சொன்னால் பீஸ் ரேட்டில் தைக்கிற தம்பி எழுந்து போய்விடுவான்.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு ஷிஃப்ட் போனால் சம்பளம் போச்சு. வயிற்றால் போனால் மெடிக்கலில் நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் கலந்த மாத்திரை இரண்டு, போக்கை நிறுத்த ஒன்று. சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் டப்பாவோடு வருவான். தட்டில் ஒன்றும் வளராது. விடுதியில் அவன் அறையில் படுத்திருக்கும் மற்றவர்களுக்கும் போகத் தொடங்கியிருக்கும். ஷிகெல்லாவுக்குப் பத்திருபது கிருமி உள்ளே போனாலே போதும், வயிற்று அமிலத்தையே தாங்கும். காலராவைப்போல் கோடிக்கணக்கில் தேவையில்லை. பொதுக் கக்கூஸ், சோப்பில்லாத குழாயடி, ஒரே சாப்பாட்டுப் பாத்திரம் என்றிருக்கும் இடத்தில் அது வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் கோழிக்கோட்டில் ஷிகெல்லா பரவியபோது இங்கே எனக்குப் போன் மேல் போன். 'நம்ம ஊர்ல இருக்குதுங்களா?' இருக்கிறது. தேடுகிறவர்கள்தான் குறைவு.

தேடிக் கிடைத்ததையும் நாங்கள் காப்பதில்லை. ரிப்போர்ட் போனதும் தட்டுகள் ஆட்டோகிளேவுக்குள் போய் வெந்துவிடும். சின்ன ஆய்வகங்கள் ரத்தபேதிக் கிருமியையும் டைபாய்டுக் கிருமியையும் கிளிசராலில் போட்டு உறைய வைத்து, மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். மரபணு வாசிப்பது அங்கே முடியும். செலவு ஒன்றும் பெரிதில்லை, அனுப்பச் சொல்லிக் கேட்கிறவர்கள்தான் வேண்டும். 1992இல் ஓ1 சீரத்தில் கட்டியாகாத கிருமியை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் ஓ139 நமக்குத் தெரிந்தது.

விடுதி நடத்துகிறவர்களுக்கும் பனியன் கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆட்களில் ஒருவருக்கு ரத்தமோ சளியோ கலந்து போனால், அன்றைய ஷிஃப்ட் கூலியைக் கொடுத்து வீட்டில் வையுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்குங்கள், டாக்டரிடம் அனுப்புங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போவதற்கு முன் மாதிரியை எடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் ஆனால் ஷிகெல்லா டப்பாவிலேயே செத்துவிடும்.